சூ

வாயைக் கோணி ஊசியால் தைத்துவிடலாமா என்றான்
லோடுமேன் செல்லையன்.
சணல் போதும் என்றேன்.
நாற்பது கிலோ நெல் பிடிக்கிற
கொள்முதல் நிலையத்துச் சாக்கு.
உள்ளே மூன்று கிலோகூட வராத
காது கிழிந்த ஒரு சாம்பல் பூனை.

குற்றப்பத்திரிகை ஹவுஸ் ஓனருடையது:
ராஜமாணிக்கம் சாரின் ஸ்கூட்டர் சீட்டில் மூத்திரம்,
காயப்போட்ட வேட்டியில் சேற்றுக்கால்,
அவர் சம்சாரம் அலசி வைத்த கெளுத்தியில்
இருப்பதிலேயே பெரிதாக ஒன்று.
பூனை எங்களுடையது இல்லை சார் என்றேன்.
"உங்க சன்னல்லதானே படுத்திருக்கு."
சன்னல் அவருடையது.
சொல்லவில்லை.
"ஆத்தைத் தாண்டி விட்டுட்டு வாங்க.
தண்ணியைத் தாண்டுன பூனைக்குத் திசை தெரியாது."

நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
போடாமல் இருந்தால்தான் செய்தி.
இரண்டு பஸ், ஒரு வைக்கோல் லாரி,
நடுவில் என் டிவிஎஸ் ஐம்பது.
சாக்கு பேச ஆரம்பித்தது.
முதலில் தனக்குத்தானே,
பிறகு ஊருக்கே.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் குனிந்து
"மூச்சு விட வழியிருக்கா?" என்றாள்.
சைக்கிளில் ஒற்றைக்கால் ஊன்றிய ராவுத்தர்
என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தார்.
பஸ் சன்னலில் ஒரு பையன் மியாவ் என்றான்.
சாக்கு பதில் சொன்னது.
பஸ் முழுக்கச் சிரித்தது.
நான் கூட்ஸ் பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்திரண்டு. அத்தனையும் நெல்.
நான் பில் போட்ட மூட்டைகளும் அதில் இருக்கும்.
ஒன்றுகூடக் கத்தவில்லை.

வெண்ணாற்றுப் பாலம் தாண்டி
மூங்கில் புதரடியில் அவிழ்த்தேன்.
ஓடவில்லை.
சாக்கின் மேலேயே உட்கார்ந்து முன்காலை நக்கியது.
சூ என்றேன்.
எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த ஒரே வார்த்தை.
பேர் சொன்னது மாதிரித் திரும்பிப் பார்த்தது.
சாக்கை உருவிக்கொண்டு வந்தேன்,
கணக்கில் வர வேண்டிய சாக்கு.

ராத்திரி பத்தரைக்கு
மங்கையர்க்கரசி பரண்மேல் டார்ச் அடித்தாள்.
டிவி வாங்கிய அட்டைப்பெட்டிக்குள்
மூன்று. கண் திறக்காதவை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள்,
அவ்வளவுதான்.

மறுபடி கேட். மறுபடி கூட்ஸ்.
நடுராத்திரி மூங்கில் புதர் முன்னால் நின்று
என்னவென்று கூப்பிட?
சூ என்றேன்.
விரட்டுகிற சொல்லை
எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.
சூ. சூம்மா. சூ.
ரோந்து ஜீப் நின்றது.
பூனை என்றேன்.
ஊதச் சொன்னார்கள். ஊதினேன்.

பால் பவுடர், இங்க் ஃபில்லர்.
இரண்டாம் நாள் ஒன்று சில்லிட்டிருந்தது.
முருங்கையடியில் நான் தோண்டும்போது
மாடியிலிருந்து ராஜமாணிக்கம் சார் பார்த்தார்.
உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் விடியலில் சன்னலில்
மணல் ஒட்டிய நாலு கால்.

மே மாதம். மேட்டூர் திறக்கவில்லை.
கரைக்குக் கரை மணலும் கருவேலமும்தான்.
பத்திரத்தில் அது ஆறு,
எங்கள் பேச்சில் ஆறு,
பூனைக்கு நடக்கிற இடம்.
கேட்டும் அதற்குக் கிடையாது,
குனியக்கூட வேண்டியதில்லை.
என்னைத் தாண்டிப் பரணுக்கு ஏறியது.
பிறகு ரொம்ப நேரம்
அட்டைப்பெட்டியின் அடியைப் பிராண்டுகிற சத்தம்.
இரண்டு அங்கேயே இருந்தன.
மூன்றாவதைத் தேடியது.

ஜூன் கடைசியில் தண்ணீர் வந்தது,
நுரையையும் சருகையும் யாருடைய செருப்பையோ
முன்னால் தள்ளிக்கொண்டு.
ராஜமாணிக்கம் சார் படியில் நின்று சொன்னார்:
"இப்ப ஆத்துல தண்ணி ஓடுது.
இப்பக் கொண்டுபோய் விட்டா வராது."
ஸ்கூட்டர் சீட்டில் பழைய பாய் ஒன்று மடித்துப் போட்டிருந்தது.
போட்டவர் அவர்தான்.
அதன்மேல் இரண்டு குட்டியும் தூங்கின.

கேட் போட்டிருக்கு சார் என்றேன்.

"அவன் என்னைக்குத் தொறந்தான்"
என்று மேலே ஏறிப் போனார்.