பற்று வரவு

பிராந்திய மன்றத்தின் மூன்றாம் மாடியில்
எனக்கு வாய்த்தது கணக்குப் பிரிவு.
சன்னலுக்கு வெளியே ரென் நகரத்து மழை.
உள்ளே, எழுபத்தோராம் தலைப்பு:
அயல்நாடுகளோடு சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு,
முப்பத்தெட்டாயிரம் யூரோ.
சாலை வட்டங்களில் பூச்செடி வைக்கும் தலைப்பில்
இதைவிட அதிகம்.

அந்தத் தொகைக்கு உரிய பறவையின் எடை
பன்னிரண்டு கிராம்.
மேசையில் கிடக்கும் என் பேனா, மூடியோடு.

நீர்நிலைக் கதிர்க்குருவி.
லித்துவேனியச் சதுப்பில் முட்டை பொரித்து
ஆகஸ்டில் எங்கள் ஓதியேர்ன் விரிகுடாவின் நாணலில்
இரண்டு இரவு இறங்கும்.
பூச்சி தின்று கொழுக்கும்.
மூன்றாம் இரவு காற்றைப் பார்த்துக் கிளம்பினால்
செனெகல் ஆற்றின் கழிமுகம்.

மன்றத்தில் எழுந்தார் கெர்மாரெக்.
பன்றிப் பண்ணைக்காரர், என் ஊர்க்காரர்,
கெட்டவர் அல்லர்.
"செனெகலில் சம்பு வெட்ட
நம் வரிப்பணம் எதற்கு?
இங்கே நம் கடற்கரையில்
பச்சைப் பாசி அழுகி நாறுகிறதே."
அந்தப் பாசி எந்தப் பண்ணைக் கழிவைக் குடித்து
வளர்ந்தது என்று
யாரும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
அளந்தோம்.
ஆறுதான் வேறு நாட்டில் இருந்தது.

ஆறாயிரம் வெட்டி,
இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

படிவத்தில் ஒரு கட்டம்:
'இப்பிராந்தியத்துக்கு நேரடிப் பயன்.'
நான் எழுதினேன்: இரண்டு இரவு.
மேலதிகாரி சோலென் அதை அடித்துவிட்டு
'பல்லுயிர்ப் பாதுகாப்பு' என்று திருத்தினாள்.
பொய் இல்லைதான்.

லித்துவேனியாவிலிருந்து வைதோதாஸ் எழுதியிருந்தான்:
குஞ்சுகள் பறக்கும்வரை நான் புல் அறுப்பதில்லை.
எங்கள் நகராட்சி அதற்குக் கொஞ்சம் தருகிறது.
ஆகஸ்டில் அறுத்த புல்லுக்குச் சத்தில்லை.
என் மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன,
அவற்றுக்கும் யாராவது
ஒத்துழைப்பைப் பற்றிச் சொன்னால் நல்லது.

கழிமுகத்திலிருந்து பிராம் தியூப்
ரசீதுகள் அனுப்பினார்:
படகுக்கு டீசல்.
ஆறு அரிவாள்.
பதினொரு பேருக்குச் சோறும் மீனும்.
ஒன்றில் மை கரைந்து நீலமாய்ப் பரவியிருந்தது.
'தொகை தெளிவில்லை' என்று
தணிக்கைப் பிரிவு திருப்பி அனுப்பியது.

ஐந்து வாரம் கழித்து விளக்கம் வந்தது:
"தண்ணீர் இடுப்பளவு.
காகிதப் பையைத் தலையில்தான் வைத்திருந்தேன்.
தும்மிவிட்டேன்.
சம்பு போன இடத்தில் புல் எழுந்துவிட்டது.
பறவையைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள்.
பார்க்கவில்லை.
அது புல்லுக்குள்ளேயே நடமாடுகிற ரகம்.
காற்றில்லாத நேரத்தில்
புல் அசைந்தது."

அந்தக் காகிதத்தைக் கோப்பில் சேர்த்தேன்.
எந்த விதியின்கீழ் என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

எங்கள் பேரேட்டில் இரண்டு பத்தி.
செலவழித்ததை எழுதும் பத்திக்குப் பெயர் பற்று.
பதினேழு வருடம் எழுதியும்
அந்தச் சொல்லை நான் நின்று பார்த்ததில்லை.
எதிரே வரவு.
எழுபத்தோராம் தலைப்பில் அது
எப்போதும் வெள்ளை.

ஆகஸ்ட் பத்தொன்பது, விடிகாலை.
விரிகுடாவில் வலை கட்டி
வளையம் போடும் தன்னார்வலரிடமிருந்து
கைபேசியில் ஒரே சொல்:
ஒன்று.

எந்தப் பத்தியிலும் அதை ஏற்ற முடியவில்லை.
அதற்கு நாணயம் இல்லை, ரசீதில்லை,
கையெழுத்திட வேண்டியது
இந்நேரம் ஸ்பெயினைத் தாண்டியிருக்கும்.

சனிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில்
எனக்கு முன்னால் கெர்மாரெக்.
சில்லறையை எண்ணிக்கொண்டே,
திரும்பாமல் கேட்டார்:
"அது வந்ததா?"