வத்துப் பெருக்கு

குறிகட்டுவான் இறங்குதுறைக் கம்பத்தில் ஒரு அன்ரனா.
நயினாதீவில், தண்ணீர்த் தாங்கியின் தோளில் மற்றது.
இடையில் மூன்றரைக் கிலோமீற்றர் உப்பு.
தீவு ஆஸ்பத்திரியிலிருந்து இதயத் துடிப்பை
இரவிலும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும்,
திட்டத்தின் முதல் வரி அதுதான்.

பரீட்சைக்கு ஆள் தேடவில்லை.
றெஜினோல்ட் என் விரலில் கவ்வியை மாட்டினான்.
அரை மணித்தியாலம் பதிந்த என் நாடியைத்
திரும்பத் திரும்ப அனுப்பினோம்,
பதினொரு இரவுகள்.

ஒழுங்காய் அடிக்கும் நாடியில்
செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை.
அடுத்தது வரும் என்று தெரியும், வருகிறது.
எதிர்பாராதது எவ்வளவோ அவ்வளவே தகவல்,
மிச்சமெல்லாம் கணக்கில் பூச்சியம்.
வகுப்பில் இதைச் சொன்னபோது
பின்வாங்கிலிருந்து ஆரணி கேட்டாள்:
"அப்ப மிஸ், சாகப்போற நாடிதான் கனக்கக் கதைக்குமோ?"
ஓம் என்றேன்.
பலகையை அழித்தேன்.

முதல் இரவு ஒன்று பத்துக்கு இணைப்பு விழுந்தது,
பதினேழு நிமிடம்.
அடுத்த இரவு இரண்டு மணிக்கு.
அதற்கடுத்தது இரண்டு ஐம்பது.
மின்சார சபையைத் திட்டினோம்.
றெஜினோல்ட் கேபிளை மாற்றினான்,
காகங்களைச் சந்தேகித்தான்,
பிறகு, குரலைத் தாழ்த்தி, கடற்படையின் ராடரையும்.

நாலாம் நாள் படகுக்குக் காத்து நிற்கையில்
துறையின் மூன்றாம் படியில் தண்ணீர்.
நேற்று இதே நேரம் அதில்தான்
செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன்.
ஐம்பது நிமிடம்!
சூரியனுக்கு வேலை செய்யும் எதுவும் இப்படிப் பிந்தாது.
எங்கள் கருவி நிலவுக்கு வேலை செய்கிறது.

அலை நேராகவும் போகிறது,
கடலில் பட்டுத் தெறித்தும் போகிறது.
ஒரே வாய், ஒரே சொல், இரண்டு வழி.
ஒரு சாண் தண்ணீர் ஏற
ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய் விழும்.
இரண்டு தரம் சொன்னதால் வந்த மௌனம்
அந்தப் பதினேழு நிமிடமும்.

இரண்டாவது அன்ரனாவை மூன்று முழம் கீழே கட்டினோம்.
மேலே இருப்பதற்குக் கேளாதது கீழே கேட்கும்.
கட்டுரையில் இதற்கு ஒன்பது சமன்பாடுகள்.
நூறாயிரத்தில் ஒரு பொதி மட்டுமே தவறுகிறது
என்று நாலாம் அட்டவணையில் எழுதினேன்.
அந்த ஒன்று என் நாடியின் எந்தத் துடிப்பு
என்று தேடியும் பார்த்தேன்.
ஒருவரும் கேட்காத வேலை.
இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தேனாம், அப்போது.

நேற்று மதிப்பீடு வந்தது:
"புதுமை போதாது."

இரவு துரொண்ட்ஹைமிலிருந்து அக்கா.
"சாப்பிட்டியோ?"
அவள் இதைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்,
நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கும்.
தகவல் பூச்சியம்.
ஆனால் தெரிந்த குறியொன்றை முதலில் அனுப்பித்தானே
நாங்களும் வழியை அளக்கிறோம்,
எவ்வளவு தேய்ந்து, எங்கெங்கே பட்டு
வந்து சேர்கிறது என்று.
"ஓம், சாப்பிட்டன்."
ஒரு கணம் பொறுத்தாள்.
"ஏன், என்ன நடந்தது?"

சொன்னேன். கடல், நிலவு, ஒன்பது சமன்பாடு, எல்லாம்.
விளங்கினதோ தெரியாது. உம் கொட்டினாள்.
உம் வராத இடத்தில் திரும்பவும் சொன்னேன்.

"சரி, வை."
"வைக்கிறன்."
"ஓம், வை."
"ஓம்."
கிடைத்தது என்று சொன்னது கிடைத்ததா
என்று கேட்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை,
எப்போதோ நிறுவிவிட்டார்கள்.
போனில் பற்றரி நாலு வீதம்.
"வைச்சிட்டியோ?" என்கிறாள்.