நாலாயிரத்துக்கு மேலே

"சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்."
சாட்ஸ்வொர்த்தில், ஜன்னல் இல்லாத அறையில்
இருபத்தாறு வருடமாகச் சொல்லிவருகிறேன்,
தறியிடம் காதைக் கொடுத்தவர்களிடம்,
சர்க்கரை ஆலைக் கொதிகலன்காரர்களிடம்,
பாட்டை அலறவிட்டு டாக்ஸி ஓட்டும் பையன்களிடம்.
கேட்காத சத்தத்துக்கும் சிலர் அழுத்துவார்கள்,
வேலை போய்விடுமோ என்று.
அந்தப் பொய்யைத் தாளின் ஓரத்தில்
சின்னப் புள்ளியாகக் குறிப்பேன்.

ஐம்பத்து மூன்றில் ஒரு மதியம்
நானே உள்ளே போய் உட்கார்ந்தேன்.
வெளியே திரோஷன் திருகைத் திருப்பினான்.
நேராக வந்த கோடு
நாலாயிரத்தில் வழுக்கி விழுந்தது.
இடக்காது இன்னும் மோசம்.
"வயசுக்கு இது சரிதான் ஆன்ட்டி."
தாளை நாலாய் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு
வயலின் வாங்கப் போனேன்.

இடக்காதின் அடியில் வைத்து வாசிக்கிற வாத்தியம்.
தெரியும். ஏன் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் சொன்னேன்.

கிளென்வுட்டில் பேக்கரிக்கு மேலே ஃபெரைராவின் பட்டறை,
பசை வாசத்துக்குள் ரொட்டி வாசம்.
மேசைமேல் மூன்றை வைத்தார்.
சீனத்தில் செய்த ஒன்று, வார்னிஷ் இன்னும் ஈரம்போல.
விலாவில் ஒட்டுப்போட்ட செக் நாட்டுக் கிழம்.
மூன்றாவதன் வயிற்றுக்குள்
பெயர்ச்சீட்டு இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்.

என்னைச் சுவர் பார்த்து நிற்கச் சொல்லி
மூன்றிலும் அதே நாலு அடி வாசித்தார்.
"முதலாவதில் உச்சியில் அந்த வெள்ளி,
கேட்டீர்களா?"
அந்த மாடிக்கு எனக்குப் படி கிடையாது.
தலையாட்டிவிடலாம் என்று கழுத்து துடித்தது.
அப்போது புரிந்தது
பொத்தானை அழுத்துகிறவர்களை.

கடைசியாக வந்தது
காறையெலும்புக்குக் கீழே நின்றது.
மூக்கால் பேசும் குரல், சற்றுக் கரகரப்பு,
ரயிலில் எதிர் இருக்கையில்
யாரோ கடன் கணக்குச் சொல்வதுபோல.
"அதுவா? தடித்த தந்தியில் மேலே போனால்
ஒரு ஸ்வரம் ஊளையிடும்."
"ஊளை எனக்குக் கேட்கும்" என்றேன்.
பதினோராயிரம் ராண்ட்.
ஃப்ரிட்ஜ் கதவுக்கு இன்னும் ரப்பர் கயிறுதான்.

தரையில் உட்கார்ந்து
சுருளைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்,
கச்சேரிக்காரர்கள்போல, என்றாள் தங்கை பாமினி.
முழங்காலைக் காட்டினேன்.
நின்றே பழகுகிறேன்.

நொக்வாண்டாவுக்கு இருபத்து நாலு.
என் மணிக்கட்டின்மேல் ஐந்து ராண்ட் காசை வைப்பாள்,
விழுந்தால் அவளுக்கு.
அவள் பஸ் செலவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.
விழுந்ததும், "பிந்தா!"
ஜூலுவில் அதற்கு 'மறுபடியும்' என்று பொருளாம்.
என் காது முதலில் தமிழாகத்தான் எடுத்தது:
பிந்தா. பிந்தாத.
திருத்திக்கொள்ளவில்லை.

மின்சாரம் நின்ற இரவுகளில் வீட்டு நடையில் வாசிக்கிறேன்.
கட்டம் இல்லாத கழுத்து,
இருட்டால் விரலுக்கு நஷ்டமில்லை.
ஊளை ஸ்வரத்துக்கு மட்டும்
அடுத்த வீட்டு நாய் எழுந்து பதில் சொல்கிறது.
மதியங்களில், ஆள் வராத நேரம்,
சத்தம் புகாத அந்த அறைக்குள்.
சுவரெல்லாம் பஞ்சு. எதிரொலி கிடையாது.
பிசகு பிசகாகவே நிற்கும்.

செவ்வாய்க்கிழமை திரு. படையாச்சி வந்தார்,
முப்பத்தோரு வருடத் தறி.
நாற்காலிக்கடியில் பெட்டியைப் பார்த்துவிட்டு
அது என்ன என்று கத்தினார்.
எடுத்துக் காட்டினேன்.
மரத்தின் ஓரத்தை அவர் தாடையில் வைத்துப் பிடிக்கச் சொன்னேன்,
எலும்பு வழியாகச் சில சமயம் போகும்.
மறு கையில் பொத்தான் அப்படியே இருந்தது.

தந்தியில் நான் வில்லை வைக்குமுன்பே
அவர் அழுத்தினார்.
விளக்கு எரிந்தது.
நான் புள்ளி வைக்கவில்லை.