எவன்

பெரிய பங்களாவை விற்றபோது
ஒரு பெட்டிப் புத்தகமும் ஏலத்துக்கு வந்தது.
பெட்டிக்காகத்தான் எடுத்தேன், கோழி அடைக்க.
அடியில் கிடந்தது அந்த நாவல்:
மூடுபனி, ஏரி, செம்மறி,
கட்டம்போட்ட கம்பளிக்குள் வாள் மறைத்த ஆட்கள்.
கோத்தகிரிக்காரிக்குப் பனி எப்படி இறங்கும் என்று
ஒருவன் நாலு பக்கம் விளக்குகிறான்.
சிரித்துக்கொண்டே படித்தேன்.

பிறகு சிரிக்க முடியவில்லை.
தலைவன் பின்னால் ஒரு குலமே நடக்கிறது,
தோற்கப்போகும் போருக்கு, தோற்பது தெரிந்தே.
ஒரு கிழவன் மூன்று மகன்களை அனுப்புகிறான்;
மூன்றாமவனிடம் மட்டும்
செருப்பைக் கழற்றிவிட்டுப் போ என்கிறான்,
வீட்டிலிருக்கும் சின்னவனுக்கு ஆகும்.

அந்தக் குலத்தில் ஒருவன் பெயர் இ, டபிள்யூ, ஏ, என்.
எப்படிச் சொல்வதென்று கேட்க யாருமில்லை.
எவன் என்றே வாசித்தேன்.
எவன் வந்தான். எவன் குதிரை ஏறினான்.
எவன் துரோகி என்று
பாதிப் புத்தகம் தாண்டியும் பிடிபடவில்லை.

அந்த மாதம்தான் ஹட்டியில் கூட்டம் கூடியது.
கிலோவுக்குப் பதினான்கு ரூபாய்தான் என்றால்
கொழுந்து செடியிலேயே முற்றட்டும்,
எந்த ஃபேக்டரிக்கும் யாரும் போடக்கூடாது,
மீறியவன் வீட்டுச் சாவுக்கு ஹட்டி வராது.
மல்லா கௌடர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.
நானும் தலையாட்டினேன்,
ஃபேக்டரியில் எடைக்கணக்கு எழுதுகிறவள்.

ஒன்பதாம் நாள் இரவு
லைட் போடாமல் ஒரு ஜீப்.
மூன்று சாக்கு. இறக்கியவன் என் அண்ணன் போஜன்.
என்னைப் பார்க்கவில்லை. தராசு முள்ளைப் பார்த்தான்.
கோவையில் அவன் மகளுக்கு நர்சிங் ஃபீஸ்,
சனிக்கிழமை கடைசித் தேதி.
அவன் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.
எண்பத்து மூன்று கிலோ. ஈரம் கழித்து எழுபத்தெட்டு.
பெயர்க் கட்டத்தில் பேனா நின்றது.
எழுதினேன்: எவன்.

சேதி எப்படியோ கசிந்துவிட்டது.
வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள், வெள்ளை போர்த்தி.
லெட்ஜரைத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன்.
கௌடர் விரல் வரிவரியாக ஊர்ந்து நின்றது.
"எவன்?"
"ஆமாம்."
"எவன் போட்டது என்று கேட்கிறேன்."
"எவன் போட்டதுதான்."
"எந்த ஊர்?"
"மேல்நாட்டு ஆள். புதுப் பார்ட்டி."

ஐவரில் ஒருவனாய் அண்ணனும் நின்றான்,
தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டு.
பொய்க்கு நான் பயப்படவில்லை.
இருபத்திரண்டு வீட்டுச் செடி
வெளியே கரட்டிலையாகிக்கொண்டிருந்தது,
அதில் ஒன்று என்னுடையது.
அதைத்தான் ஜன்னல் வழியே பார்க்காமலிருக்கப் பார்த்தேன்.

கௌடர் லெட்ஜரை மூடினார்.
நம்பினாரா, நம்பிவிடலாம் என்று முடிவெடுத்தாரா,
இன்றுவரை தெரியாது.
வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னார்:
"அவன் வீட்டில் சாவு விழுந்தால் சொல்லியனுப்பு."

சனிக்கிழமை அண்ணன் பணம் வாங்க வந்தான்.
வவுச்சரில் ஸ்டாம்பின் மேல்
அந்தப் பெயரிலேயே கையெழுத்து வேண்டும் என்றேன்.
கோணல்மாணலாக மூன்றெழுத்து.
எழுதிவிட்டு நிமிர்ந்தான்.
"ஆள் யார்? நல்லவனா?"

கடைசிப் பதினாறு பக்கம்
ஈரத்தில் ஒட்டிக் கிடக்கிறது.
சோற்றுப் பானை ஆவியில் காட்டினால் பிரியும் என்கிறார்கள்.
பானை கொதிக்கும்போதெல்லாம்
எனக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.