காலி என்று குறித்த இடம்

ஓல்டனில் மூன்றாம் நாளாய்ப் பனிப்புகார்.
ஆரே ஆற்றுப் பாலம் பாதியோடு நிற்கிறது.
மிச்சப் பாதியை நம்பித்தான் சனம் நடக்கிறது.

"வரிப் படிவம் மட்டும் போதும் பிள்ளை.
முப்பத்தோராந் திகதிக்கிடையிலை குடுக்கவேணும்.
மருமோன் புதுசா ஏதோ ஏத்துறன் எண்டு
எல்லாத்தையும் துடைச்சுப்போட்டார்."
தொப்பியைக் கழற்றாமலே சொன்னார் செல்வநேசன்.
ரொட்டிப் பையில் சுற்றியிருந்தது வன்வட்டு.

வாடிக்கைக்காரருக்கு நான் சொல்லும் கதையைச் சொன்னேன்:
அழிப்பதென்றால்
தபால்பெட்டியில் செருகிய பெயரைக் கழற்றுவது, அவ்வளவுதான்.
ஆள் உள்ளேதான் இருப்பார்.
சோறு வடிப்பார், சளி பிடித்து இருமுவார்.
இன்னொருவர் கட்டிலும் அலுமாரியுமாய் வந்து ஏறும்வரை
வீடு காலி என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும்.

எல்லாரும் சிரிக்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை.
"எவ்வளவு முடியும்?"
நூற்றெண்பது பிராங்.

இரவு முழுக்க ஓடவிட்டேன்.
சுண்டிச் சுண்டித் தேங்காய் வாங்குகிறவர்போல
ஒவ்வோர் இடமாய்த் தட்டிக் கேட்டுப் போகிறது மென்பொருள்.
விடிய ஒன்பதாயிரத்துச் சொச்சம் கோப்புகள்.
ஒன்றுக்கும் பெயரில்லை, எண்தான்.

வரிப் படிவம் நாலாயிரத்து நூற்றுப் பதினாறில் கிடந்தது,
ஒரு கீறலும் இல்லாமல்.
பக்கத்தில் பல் வைத்தியரின் கணக்கு.
அத்தோடு மூடியிருக்கலாம்.

திறபடுகிறதா என்று திறந்து பார்ப்பது என் வேலை.
அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"அன்புள்ள மரியநாயகம்,
தொண்ணூற்றெட்டில் என்னிடம் கட்டிய சீட்டுக் காசு விஷயமாய்"
அங்கே நிற்கிறது.
அடுத்ததில் "அன்புள்ள மரியநாயகம் அண்ணை".
அதற்கடுத்ததில் அன்பு இல்லை.
ஒன்றில் தொகை இருக்கிறது, ஆள் இல்லை.
ஒன்றில், "நான் ஓடி ஒளியவில்லை" என்ற வரிக்குக் கீழே
மீதிப் பக்கத்தைத் தின்றுவிட்டுக் குந்தியிருக்கிறது
பனிச்சறுக்குச் சப்பாத்து விலைக்கழிவு.
பதினாலு வரைக்கும் எண்ணினேன்.

தவறி அழிந்ததும் தானே அழித்ததும்
வட்டுக்கு ஒன்றுதான். என் மென்பொருளுக்கும்.
மீட்டுத் தரப்படும் என்று
கண்ணாடியில் இரண்டு மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
கேட்காததை மீட்டால் யாருக்கு எதைத் தருவது என்று
ஒரு மொழியிலும் எழுதவில்லை.

வெள்ளி பின்னேரம் வந்தார்.
"வரி" என்று ஒரு கோப்புறை. "மற்றவை" என்று ஒன்று.
இரண்டாவதைத்தான் முதலில் திறந்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மூன்றாவதை வாசித்தார். ஏழாவதை வாசித்தார்.
சூரிச் ரயில் கடையை ஒருதரம் உலுக்கிப் போனது.

"இது நான் அழிச்சதெல்லே."
"ஓம்."
"ஒண்டும் மிஞ்சாமல் அழிக்க வழியில்லையோ?"
"இருக்கு. ஒவ்வோர் இடத்திலையும் சுழியம் எழுதவேணும்.
ஆறு மணித்தியாலம் செல்லும்.
அதுக்குப் பிறகு என்னாலையும் ஏலாது."
"அதுக்கு எவ்வளவு?"
"அதுக்குக் காசில்லை."

விரல்களை மேசையில் வைத்து எடுத்தார்.
"இந்த ஏழாவதை ஒருக்கா அச்சடி.
மற்றதுக்கெல்லாம் சுழியம்."

மூன்றாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
காற்புள்ளியில் முடிகிற கடிதம், நான் பார்த்தேன்.
கதவில் கை வைத்தபடி,
"ஆராவிலை அவர் இருந்த மாடிக்குப் போய்ப் பார்த்தனான், மார்கழியிலை.
பெட்டியிலை பேர் இல்லை."
கொஞ்சம் நின்றார்.
"ஆள் உள்ளை இருப்பார் எண்டு
நீதானே சொன்னனீ."

அது வட்டைப் பற்றிச் சொன்னது ஐயா என்று
வாய்வரை வந்தது.
அதற்குள் அவரைப் புகார் வாங்கிக்கொண்டுவிட்டது.

சுழியம் ஓடுகிறது. இரண்டு வீதம். மூன்று.
அச்சடித்த தாளுக்கு இருபது றாப்பன்
வாங்க மறந்துபோனேன்.