புள்

உப்புவெளிக்கு அப்பால்
கடலைப் பார்த்த வெட்டையொன்றில்
போட்டிக்கு மேசை போட்டிருக்கிறார்கள்.
எனக்கு வேலை புள்ளி அட்டை.
அதோடு விதிகளைத் தமிழில் எழுதித் தரவேண்டும்,
நாளைக்குள்.

ஆங்கிலத்தில் இதற்குக் களிமண் புறா என்று பெயர்.
நிஹ்மத் ஒன்றைத் தட்டி உடைத்துக் காட்டினான்:
தாரும் சுண்ணாம்புத் தூளும்,
மேலே செம்மஞ்சள் பூச்சு,
தேத்தண்ணிச் சோசர் அளவு.
"மண்ணும் இல்ல புறாவும் இல்ல, அப்பிடியே எழுதுங்க"
என்றான், எந்திரத்துக்குள் அடுக்கிக்கொண்டு.
கிண்ணியாக்காரன். சிரிக்காமல் பகிடி விடுவான்.

முன்னொரு காலம் உயிர்ப்புறாவைத்தான்
பெட்டி திறந்து விட்டுச் சுட்டார்களாம்.
புறா போய்விட்டது, பெயர் இறங்கவில்லை.
நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில்
புறா இன்னும் இருக்கிறது,
வெள்ளைக்காரன் கப்பல்கள் குறி பழகிய பிறகும்.

தோளில் கட்டை பதித்து
"புல்!" என்கிறாள் இமேஷா.
இழு என்று அர்த்தம். யாரும் எதையும் இழுப்பதில்லை;
நிஹ்மத் பொத்தானை அமத்துகிறான்.
என் காதில் அது
கோட்டைக்குள் மான் மேயும் புல்.
அடுத்தவர் அடித்தொண்டையில் கத்தும்போது
நாக்கு மடிந்து
புள்.
பழைய தமிழில் பறவை.
எந்த எழுத்தில் கூப்பிட்டாலும்
தட்டு பறக்கிறது.

பட்டால் கறுத்த புகை, அட்டையில் ஒரு கோடு.
படாவிட்டால் நடுவர் சொல்வது
'லொஸ்ட்'.

அங்கேதான் பேனை நின்றது.
காணாமல் போனது என்று எழுதினேன்.
வெட்டினேன்.
எங்கள் ஒழுங்கையில் அந்தச் சொல்லுக்கு
வேறு படிவம் உண்டு, மூன்று பிரதிகளில்,
படம் ஒட்ட ஒரு கட்டத்தோடு.
தவறியது என்று எழுதினேன்.
செல்வமலர் அக்காவின் மாமனார் தவறியதற்குத்தான்
போன கிழமை பந்தல் போட்டோம்.
படாத தட்டுக்கு ஏன் செத்தவீட்டுச் சொல்?

மத்தியானம் வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் குத்தியது.
இமேஷா இருபத்தைந்தில் பதினொன்றை விட்டாள்.
துவக்கை மடித்துக் கையை உதறி
"கமக் நே" என்றாள், யாருக்கோ.

பின்னேரம் நிஹ்மத் சாக்கோடு போனான்.
சில்லுகளே ஒரு சாக்கு.
பற்றைக்குள் முழுசாய்க் கிடந்தவை ஒன்பது.
ஒன்றைச் சாரத்தில் துடைத்து
என் மேசையில் கவிழ்த்தான்.
கொஞ்சம் மணல். ஓர் எறும்பு.
"இதுகள நாளைக்கும் விடலாம்."

பெயருக்கான இடத்தை இன்னும் நிரப்பவில்லை.
விதி ஏழை மட்டும் எழுதி முடித்தேன்:
படாத தட்டுக்கு நடுவர்
எல்லோருக்கும் கேட்கும்படி
'தப்பியது' என்று சொல்லவேண்டும்.