ஐஸ் பாக்கி

உச்சிப்புளியில் பஸ் ஏறுவதற்குள்
அடைக்கலம் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.
"நீலமா நிக்குதும்மா. ஒரு மூஞ்சி அழுவுது.
கீழ என்னமோ இங்கிலீஷ்ல."
பாலத்தில் கச்சான் காற்று
பஸ்ஸை ஓர் ஓரமாய்த் தள்ளிக்கொண்டே வந்தது.

பாம்பன் ஐஸ் கம்பெனி ஆபீஸ்.
மீன் பெட்டியைக் கவிழ்த்து
அதன்மேல் கம்ப்யூட்டரை உட்கார வைத்திருந்தார்கள்.
மூடியைத் திருகிக் கழற்றினேன்.
ஃபேனில் உப்பு. ராம் பல்லில் பச்சைக் களிம்பு.
பவர் சப்ளைக்குள் பல்லி முட்டை இரண்டு,
ஒன்று ஏற்கனவே பொரிந்து போயிருந்தது.
பள்ளிக்கூட ரப்பரால் ராமைத் தேய்த்துச் சொருகினேன்.
அப்படியும் அதே நீலம்.

"திரும்ப விண்டோஸ் போடணும் அண்ணே.
போட்டா உள்ள இருக்கது போயிரும்."
"போகட்டுமே, காப்பு எடுத்து வச்சிருக்கேன்ல.
வாரா வாரம், சனிக்கிழமை. டி டிரைவுல."

டி என்பது வேறு வள்ளம் இல்லை அண்ணே,
இதே வள்ளத்தில் குறுக்கே அடித்த பலகை.
ஓட்டை விழுந்த பிறகு
அணியத்தில் வைத்தால் என்ன, அமரத்தில் வைத்தால் என்ன.
இதைச் சொல்லவில்லை.
"பார்ப்போம்" என்றேன்.

ஜெட்டிவரை சேதி போய்விட்டது.
ஐஸ் வாங்க வந்தவர்கள் பாதி,
பாக்கி வைத்தவர்கள் மீதி, வாசல் நிறைந்தது.
கிளாட்வின் ஜன்னலில் தலையை விட்டு,
"சாவு உறுதிதானா டாக்டரம்மா?"
ஐஸ் உடைக்கிற மிஷினை மிஞ்சியது சிரிப்பு.
"மெதுவா பாருங்க. எங்களுக்கு அவசரமில்ல."

அடைக்கலம் சிரிக்கவில்லை.
போன வருஷக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து
பின்பக்கம் திருப்பினார்.
"ஒவ்வொருத்தனா வா. உன் பாக்கிய நீயே சொல்லு."

நான் பென்டிரைவைச் சொருகி
அதிலிருந்து மிஷினை எழுப்பினேன்.
இரவல் உயிர், கொஞ்ச நேரத்துக்குப் போதும்.
டிஸ்க் உள்ளே டக், டக் என்றது.
நகல் ஓடியது.
மீதம் நாற்பது நிமிடம்.
மீதம் ஆறு மணி நேரம்.
மீதம் பத்து நிமிடம்.
வானிலை அறிக்கை கேட்டுத்
தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இது பழக்கம்தான்.

முதுகுக்குப் பின்னால் குரல்கள்:
"நாலாயிரத்து இருநூறு."
"தொள்ளாயிரம்... இரு, தடைக்காலத்துக்கு முந்தி ஒண்ணு கெடக்கு,
ஆயிரத்து முந்நூறா போடு."
"தம்பி பேர்ல உள்ளதையும் எனக்கே எழுது. அவன் கட்ட மாட்டான்."
கிளாட்வின் தலையைச் சொறிந்தான்.
"ஆறாயிரம்."

எல்லாம் வெளியே வந்தபின்
'அழித்துவிடட்டுமா' என்று மிஷின் கேட்டது.
பத்து வருஷத் தொழில்.
இந்தக் கேள்விக்கு மட்டும் விரல்
இன்னும் ஒரு நொடி நிற்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புது விண்டோஸ்.
பழைய கணக்கைத் திறந்துகொடுத்தேன்.
அடைக்கலம் காலண்டர் தாளைத் திரைக்கு ஒட்டிப் பிடித்து
ஒவ்வொரு பேராக விரல் வைத்தார்.
முப்பத்தொரு பேர்.
இருபத்து நாலு பேர் சரி. ஆறு பேர் குறைச்சல்.
கிளாட்வின் மட்டும் நானூறு கூட.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இன்ஜின் நின்னு வந்த அன்னைக்கு
சும்மா கொடுத்தது. அதையும் சேத்துருக்கான், லூசுப் பய.
ரெண்டுல எதம்மா வைக்க?"
"நான் மிஷின் பாக்கத்தான் வந்தேன் அண்ணே."

தனி டிஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்தேன்.
இங்கே வைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள்,
உப்புக் காத்துப் படாத இடமாய்ப் பார்த்து.
"பாம்பன்ல அது எங்க இருக்கு?"
"கவர்ல சுத்தி அரிசிப் பானைக்குள்ள வைங்க."
டிஸ்க்கோடு அந்தக் காலண்டர் தாளையும்
நாலாய் மடித்துக் கவருக்குள் செருகினார்.

கூலி எவ்வளவு என்றார். எண்ணூறு என்றேன்.
சட்டைப் பையைத் தடவினார்.
"அடுத்த வாரம் வாங்கிக்கிறியா?"
சரி என்று தலையாட்டிவிட்டேன்.
அதை இன்னும் எங்கும் எழுதவில்லை.